சாலமோனின் மரம் சந்தனமா? எபிரேய மறைநூலின் ‘அல்முக்’ குறித்து ஒரு மறுஆய்வு

1. கேள்வி

தமிழகத்தின் கடல் வணிகப் பழமையைப் பேசும் நூல்களில் ஒரு செய்தி பெரும்பாலும் மாறாமல் இடம்பெறுகிறது. கி.மு. 10ஆம் நூற்றாண்டில் எருசலேமில் ஆண்ட சாலமோனுக்குத் தென்னிந்தியாவிலிருந்து மயிலும் தந்தமும் அகிலும் சந்தனமும் கப்பலேறிப் போயின என்பதே அது. மயிலுக்குச் சான்றாகக் காட்டப்படுவது எபிரேய மறைநூலில் வரும் ‘துக்கி’ என்ற சொல். அதைத் தமிழின் ‘தோகை’யோடு இணைத்து ராபர்ட் கால்டுவெல் தம் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் (முதற்பதிப்பு 1856) எழுதியது பலரும் அறிந்ததே. சந்தனத்துக்குச் சான்றாகக் காட்டப்படுவது ‘அல்முக்’ என்ற மரப்பெயர். மயிலைப் பற்றி ஆதரித்தும் மறுத்தும் நிறைய எழுதியாகிவிட்டது. சந்தனத்தை மட்டும் யாரும் பெரிதாகக் குறுக்கு விசாரணை செய்யவில்லை. மயிலின் பின்னால் அதுவும் வரலாற்றுக்குள் நுழைந்துவிட்டது.

அல்முக் எந்த மரம் என்பதைத் தீர்மானிக்க நம் கையில் இருக்கும் சான்றுகள் எவை, அவற்றில் எது எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. மறைநூல் மரங்களை எப்படி அடையாளம் காண்கிறார்கள்

எபிரேய மறைநூல் தாவரவியல் நூல் அல்ல. ஒரு மரத்தின் இலை எப்படி, காய் எப்படி என்று அது விவரிப்பதில்லை. பெயரைச் சொல்லும், சில இடங்களில் அம்மரம் எங்கே நின்றது, எதற்குப் பயன்பட்டது என்று சொல்லும். எனவே ஆய்வாளர்கள் பல திசைகளிலிருந்து சான்று சேர்க்கிறார்கள்: அரபி, அக்காடியம் முதலிய உறவுமொழிகளில் அதே பெயர் எதைக் குறித்தது, பழைய மொழிபெயர்ப்புகள் எப்படிப் புரிந்துகொண்டன, அந்த நிலத்தில் இன்று என்ன வளர்கிறது, அகழாய்வில் கிடைத்த மரத்துண்டும் கரியும் என்ன காட்டுகின்றன.

இத்துறை மெல்லத்தான் வளர்ந்தது. உப்சாலாவின் ஓலோஃப் செல்சியஸ் 1745–47இல் வெளியிட்ட ‘ஹியரோபொட்டானிகோன்’ முழுக்க முழுக்க ஏட்டுப் புலமையில் எழுந்த நூல். லின்னேயஸின் மாணவர் ஃபிரெட்ரிக் ஹாசல்குவிஸ்ட் பாலஸ்தீன நிலத்துக்கே போய்ச் செடிகளைச் சேகரித்தார்; 1752இல் ஸ்மிர்னாவில் இறந்தார்; அவருடைய குறிப்புகளை லின்னேயஸ் 1757இல் அச்சிட்டார். யூத மரபின் தாவரப்பெயர்கள் அனைத்தையும் திரட்டிய இம்மானுவேல் லோவின் பெருநூல் 1924இல் தொடங்கி 1934இல் முடிந்தது. கரித்துண்டை நுண்நோக்கியில் வைத்து மரத்தைச் சொல்லும் முறை இத்துறைக்கு வந்து சேர்ந்தது அதற்கும் பிறகுதான்.

சில பெயர்களில் சிக்கலே இல்லை. எலியா களைத்துப் படுத்த ‘ரோதெம்’ புதரைப் பாலைவன அரபியர் இன்றும் ‘ரதம்’ என்கிறார்கள். ஆபிரகாம் பெயெர்செபாவில் நட்ட ‘ஏஷெல்’, அரபியின் ‘அதல்’. உப்பு மண்ணிலும் தழைக்கும் ஒருவகைச் சவுக்கு போன்ற மரம். உடன்படிக்கைப் பெட்டி செய்த ‘ஷித்தா’ வேல மர இனம் என்பதிலும் பெரிய மறுப்பு இல்லை. எகிப்திய மொழியும் அரபியும் அதற்குத் துணை நிற்கின்றன. நோவாவின் பேழைக்கான ‘கோஃபெர்’ போன்றவை எதிர்முனையில் இருக்கின்றன: ஒரே ஒரு வசனம், உறவுமொழித் துணை கிடையாது, ஊகங்கள் மட்டும் ஏராளம்.

தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இந்தச் சிக்கல்களைத் தம் வழியில் கடந்தார்கள். பரவலாக வாசிக்கப்படும் பழைய தமிழ் விவிலியத்தில் ரோதெம் சூரைச்செடியாகிறது. ஏஷெல் வெறும் தோப்பாகிறது. உன்னதப்பாட்டின் ‘தப்பூவா’ கிச்சிலி மரமாகிறது. ஏசாயாவில் சிலை செய்பவன் நடும் ‘ஓரென்’ அசோக மரமாகிறது. கேட்பவன் மனத்தில் ஒரு மரம் நிற்க வேண்டும் என்பதே அவர்கள் கவலை. அந்த அளவில் அவை நல்ல தேர்வுகள்தாம். அவற்றைத் தாவரவியல் சான்றாக எடுத்துக்கொள்ளும்போதுதான் வம்பு தொடங்குகிறது. அதே விவிலியத்தில் அல்முக், ‘வாசனைமரம்’. மூலத்தில் வாசனை பற்றி ஓர் எழுத்தும் இல்லை.

3. மூலம் சொல்வதும் சொல்லாததும்

அல்முக் பற்றிய செய்திகள் மூன்றே இடங்களில் வருகின்றன. 1 இராஜாக்கள் 10:11–12இன்படி, ஓபீரிலிருந்து பொன் கொண்டுவந்த தீரு மன்னன் ஈராமின் கப்பல்கள் மிகுதியான அல்முக் மரத்தையும் விலையுயர்ந்த கற்களையும் கொண்டுவந்தன. மன்னன் அம்மரத்தால் ஆலயத்துக்கும் அரண்மனைக்கும் ஏதோ ஒரு கட்டட உறுப்பும், பாடகர்களுக்கு யாழ் வகைக் கருவிகளும் செய்வித்தான். அப்படிப்பட்ட அல்முக் மரம் அதற்குப் பின் இன்றுவரை வந்ததுமில்லை, காணப்பட்டதுமில்லை என்று ஆசிரியர் முடிக்கிறார். 2 நாளாகமம் 9:10–11 இதே செய்தியைத் திரும்பச் சொல்கிறது; ஆனால் பெயர் ‘அல்கும்’ என்று எழுத்து இடம் மாறி வருகிறது, கட்டட உறுப்புக்கும் வேறு சொல் வருகிறது. மூன்றாவது இடமே முக்கியமானது. 2 நாளாகமம் 2:8இல் சாலமோன் தீரு மன்னனுக்கு ஆளனுப்பி, லெபனானிலிருந்து கேதுருவும் ‘பெரோஷ்’ மரமும் அல்கும் மரமும் வெட்டி அனுப்பக் கேட்கிறான்.

ஆக, ஒரு நூல் கடல் கடந்த ஓபீரைக் காட்டுகிறது. மற்றொரு நூல் ஓபீரையும் லெபனானையும் சேர்த்தே காட்டுகிறது. நிறம் சொல்லப்படவில்லை. மணம் சொல்லப்படவில்லை. மணப்பொருள்களை அடுக்கும் உன்னதப்பாட்டு 4:14இல் நளதமும் குங்குமப்பூவும் கருவாப்பட்டையும் வருகின்றன, அல்முக் இல்லை. கட்டடத்திலும் கருவியிலும் பயன்படும் மரம், அரிதாகக் கிடைப்பது: மூலம் உறுதியாகத் தருவது இவ்வளவே.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இராஜாக்கள் நூலில் அல்முக் வசனங்கள் சேபா நாட்டரசியின் கதைக்கு நடுவே நிற்கின்றன. பத்தாம் வசனத்தில் அவள் பரிசு தருகிறாள். பதின்மூன்றாம் வசனத்தில் மன்னன் பதிற்பரிசு தருகிறான். இடைப்பட்ட இரு வசனங்களையும் எடுத்துவிட்டால் கதை தடையின்றி ஓடும். வேறொரு குறிப்பேட்டிலிருந்து இங்கே செருகப்பட்டவை என்று உரையாசிரியர்கள் பலர் கருதுவதற்குக் காரணம் இதுதான். மேலும், மயிலும் குரங்கும் தந்தமும் வருவது இந்த ஓபீர் வசனத்தில் அல்ல. 10:22இல், மூன்றாண்டுக்கு ஒருமுறை வந்த தர்ஷீஷ் கப்பல்களில். நம் நூல்கள் இரண்டையும் ஒரே கப்பலில் ஏற்றிவிடுகின்றன. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பின் முதன்மையான படியில் அந்த 10:22இல் மயிலும் குரங்கும் இல்லை; செதுக்கிய கற்கள்தாம் இருக்கின்றன என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம்.

4. சிவப்பு எங்கிருந்து வந்தது

பழைய மொழிபெயர்ப்பாளர்களுக்கே இம்மரம் தெரிந்திருக்கவில்லை. கிரேக்க மொழிபெயர்ப்பு இராஜாக்கள் நூலில் மரத்தின் பெயரைத் தொடாமல், கோடாரியால் செதுக்குவது தொடர்பான ஓர் அடைமொழியை இட்டு நகர்ந்துவிடுகிறது; நாளாகமத்தில் பைன் மரம் என்கிறது. முதலாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய ஜோசிஃபஸும் பைன் என்றே சொல்லி, பார்வைக்கு அத்திக்கட்டை போலிருக்கும், ஆனால் அதைவிட வெண்மையும் பளபளப்பும் கூடியது என்று விளக்குகிறார். ஜெரோமின் லத்தீன் மொழிபெயர்ப்பு, ரோமச் செல்வர்கள் மேசை செய்ய விரும்பிய வட ஆப்பிரிக்க ‘தூயா’ மரத்தைப் போட்டது. இவற்றுள் ஒன்றுகூட இந்தியாவை நோக்கவில்லை. ஜோசிஃபஸின் மரமோ வெள்ளை.

சிவப்பு யூத மரபின் வழியே வந்தது. பாபிலோனியத் தால்மூதின் ரோஷ் ஹஷானா பகுதியில் பத்து வகைக் கேதுருக்களின் பட்டியல் வருகிறது. அதில் அல்முக் பவளம் என்று விளக்கப்படுகிறது. இன்றைய எபிரேயத்திலும் ‘அல்மோக்’ என்றால் பவளம்தான். பவளத்தால் கட்டட உறுப்பும் யாழும் செய்ய முடியாது என்பது உரைகாரர்களுக்கு உறுத்தியிருக்க வேண்டும். புரோவான்ஸைச் சேர்ந்த தாவீது கிம்கி (ஏறத்தாழ 1160–1235) நாளாகம உரையில் அதைச் சாயம் எடுக்கும் சிவப்பு மரம் என்று கொண்டு, அரபியர் ‘பக்கம்’ என்று அழைக்கும் மரத்தோடு இணைத்தார். அது நாம் பதிமுகம் என்று சொல்லும் சாயமரம். பவளத்தின் நிறம் மரத்துக்கு ஏறிய இடம் இது.

19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர் இந்தச் சிவப்பை எடுத்துக்கொண்டார்கள். ஓபீரைச் சிந்து முகத்துவாரத்து ஆபீர நாடு என்று கிறிஸ்டியன் லாசன் கருதினார். ‘அல்கும்’ என்பதைச் சமஸ்கிருதத்தின் ‘வல்கு’ என்ற அடியோடு பொருத்தினார்கள். மாக்ஸ் முல்லர் 1861இல் வெளியான மொழியியல் சொற்பொழிவுகளில் இதை இந்திய ஓபீருக்கு ஒரு சான்றாக வைத்தார். சிவப்பு, இந்தியா, கனமான மரம் ஆகிய மூன்றும் சேர்ந்ததும் விடை தானாகவே வந்து நின்றது: செம்மரம். விவிலிய அகராதிகளில் அது ‘சிவப்புச் சந்தனம்’ என்ற பெயரில் ஏறியது. அங்கிருந்து நம் எழுத்துக்கு வரும்போது ‘சிவப்பு’ உதிர்ந்தது, ‘சந்தனம்’ தங்கியது, கூடவே மணமும் வந்தது.

இந்தக் கைமாற்றத்தில் இரண்டு வேறு மரங்கள் ஒன்றாகிவிட்டன. சேஷாசலம், பாலகொண்டா, கடப்பை, சித்தூர்ப் பக்கத்து மலைகளிலும் அவற்றை ஒட்டிய தமிழகப் பகுதியிலும் மட்டும் இயற்கையாக வளரும் செம்மரம் அவரை இனத்தது. கட்டை நீரில் மூழ்கும் அளவுக்குக் கனமானது. மணம் சொல்லும்படி இல்லை. சந்தனமோ வேறு குடும்பம். பக்கத்துச் செடிகளின் வேரில் ஒட்டி உறிஞ்சி வாழும் சிறு மரம். அதன் மதிப்பெல்லாம் வைரக்கட்டையிலும் வேரிலும் உள்ள எண்ணெயில். ஆலயத்துக்குத் தாங்குகட்டையோ படியோ செய்வதற்குச் சந்தனத்தைக் கப்பல் கப்பலாக இறக்கினான் என்பது அம்மரத்தைத் தெரிந்தவர்களுக்கு விநோதமாகவே படும். செம்மரத்துக்கு இந்த மறுப்பு அவ்வளவு பொருந்தாது. அது இசைக்கருவிக்கும் ஏற்றது. ஆனால் அதன் பக்கம் நம்மைக் கூட்டிச் சென்ற கை சிவப்பு. அந்தச் சிவப்பு மூலத்தில் இல்லை.

வாதத்தின் கட்டமைப்பிலும் ஓட்டை இருக்கிறது. ஓபீர் இந்தியாவில் இருந்தது, ஏனெனில் அங்கிருந்து சந்தனம் வந்தது. அல்முக் சந்தனம், ஏனெனில் அது இந்தியாவிலிருந்து வந்தது. ஒன்றையொன்று தாங்கும் இரண்டு ஊகங்கள் எத்தனை முறை மேற்கோளாகத் திரும்ப வந்தாலும் சான்றாக முதிர்வதில்லை.

5. மாரியிலிருந்து வந்த செங்கற்கள்

1933இல் ஆந்த்ரே பாரோ யூப்ரடீஸ் கரையில் தோண்டத் தொடங்கிய தெல் ஹரீரி, மாரி என்ற பழைய நகரம். அங்கே சூரியக் கடவுளின் கோயிலுக்கு அடித்தளமிட்ட அரசன் யஹ்துன்-லிம் எழுதிவைத்த செங்கற்கள் கிடைத்தன. ஜார்ஜ் டோசான் 1955இல் அவற்றை வெளியிட்டார். காலம் கி.மு. 1800ஐ ஒட்டியது. அரசன் மேற்கே படையோடு சென்று மத்தியதரைக் கடலை அடைகிறான், கடலுக்குப் பலியிடுகிறான், வீரர்கள் அதில் நீராடுகிறார்கள். பிறகு கேதுருவும் பாக்ஸ் மரமும் வளரும் பெருமலைகளுக்குள் புகுந்து, பாக்ஸ், கேதுரு, சைப்ரஸ், ‘எலம்மக்கு’ ஆகிய மரங்களை வெட்டுகிறான். மாரியின் பிற ஆவணங்களில் எலம்மக்கு மரச்சாமான் செய்யும் உயர்தரக் கட்டையாக வருகிறது.

அடுத்து உகரித். சிரியக் கடற்கரையில் 1929இல் அகழாய்வு தொடங்கிய இந்நகரம் கி.மு. 1200ஐ ஒட்டி அழிந்தது. அதன் களிமண் ஏடுகளில், எபிரேயத்துக்கு நெருங்கிய மொழியில், ‘அல்ம்க்’ என்ற மெய்யெழுத்துகளோடு ஒரு பொருள் பட்டியலிடப்பட்டிருக்கிறது. அக்காடிய எலம்மக்குவும் உகரித்தின் அல்ம்க்கும் இராஜாக்கள் நூலின் அல்முக்கும் ஒரே பெயர் என்பதை இன்று பெரும்பாலோர் ஏற்கிறார்கள்.

இதன் விளைவுகள் சில்லறை அல்ல. முதலாவது, சாலமோனுக்கு 800 ஆண்டுகளுக்கு முன்பே இம்மரப்பெயர் சிரியாவில் வழங்கியது. மத்தியதரைக் கடலோர மலையில் வெட்டப்பட்டது. ஆகவே லெபனானிலிருந்து அல்கும் கேட்கும் நாளாகம வசனம், சந்தனக் கட்சியார் சொல்லிவந்ததுபோல, பிற்கால ஆசிரியரின் அறியாமை என்று தள்ள முடியாதது ஆகிறது. இரண்டாவது, எழுத்து வரிசை. மூன்று பழைய சான்றுகளிலும் வரிசை ல்–ம்–க். நாளாகமத்தில் மட்டும் ல்–க்–ம். சமஸ்கிருத ‘வல்கு’ பொருந்துவது இந்தப் பிந்திய, இடம் மாறிய வடிவத்தோடு மட்டுமே. இந்தியாவிலிருந்து வந்த பெயராயின் பழைய வடிவத்தில் அல்லவா அதன் தடம் தெளிவாகத் தெரிய வேண்டும்? மேலும், ‘வல்குக’ என்பது சந்தனத்தைக் குறிப்பது நிகண்டு அளவில்தான். வழக்கில் இருந்த சொல் ‘சந்தன’. கிரேக்கத்துக்கும் அரபிக்கும் போனதும் அதுவே. வணிகர் சந்தைப் பெயரைக் கொண்டுசெல்வார்களே தவிர நிகண்டுப் பெயரைக் கொண்டுசெல்ல மாட்டார்கள். செமித்திய மொழியறிஞர் ஜோனஸ் கிரீன்ஃபீல்டும் சமஸ்கிருதச் சொற்பிறப்பறிஞர் மன்ஃபிரெட் மயிர்ஹோஃபரும் 1967இல் சேர்ந்து எழுதிய கட்டுரையில் இந்தியச் சொற்பிறப்பைக் கைவிட்டார்கள். இத்துறையில் எழுதுபவர்கள் அறுபதாண்டுகளாக அறிந்த செய்தி இது. நம் நூல்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

அப்படியானால் எலம்மக்கு எந்த மரம்? இங்கே நிதானம் தேவை. யஹ்துன்-லிம்மின் பட்டியல் பாக்ஸ், கேதுரு, சைப்ரஸ் மூன்றையும் தனித்தனியே சொல்வதால் அவை விலக்கப்படுகின்றன. லெபனான் மலைகளில் உயரத்தில் வளரும் ஜூனிப்பர் மரத்தை விவிலியத் தாவரவியல் நூல்கள் சில நாளாகமத்தின் அல்குமுக்குப் பொருத்துகின்றன. அந்த யோசனைக்கும் ஒரு முட்டுக்கட்டை உண்டு: அக்காடியத்தில் ஜூனிப்பர் வகைகளுக்கு ‘புராஷு’, ‘தப்ரானு’ என்று வேறு பெயர்கள் இருந்தன. அதே நூல்கள் ஓபீரின் அல்முக்கைச் செம்மரம் என்றும் லெபனானின் அல்குமை ஜூனிப்பர் என்றும் இரண்டாகப் பிரித்துச் சமரசம் செய்கின்றன. அப்பிரிவை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரே நிகழ்ச்சியை இரு நூல்கள் சொல்லும்போது இராஜாக்களின் அல்முக் நிற்கும் இடத்தில்தான் நாளாகமத்தின் அல்கும் நிற்கிறது, பெயர் ஒன்று.

6. ஓபீர் என்னும் இடர்

லெபனான் தீர்ந்தால் ஓபீர் இடறுகிறது. சந்தனக் கட்சிக்கு எஞ்சியிருக்கும் வலுவான வாதமும் இதுவே: அருகிலேயே வளரும் மரம் என்றால் செங்கடல் வழியாக ஏன் வர வேண்டும்?

ஓபீர் கற்பனை அல்ல. இன்றைய டெல் அவீவுக்குள் இருக்கும் தெல் கசீலேயில் 1946இல் கிடைத்த கி.மு. 8ஆம் நூற்றாண்டுப் பானையோட்டில் ‘ஓபீர்ப் பொன்’ என்ற குறிப்பு இருக்கிறது. வணிகத்தில் வழங்கிய தரப்பெயர் அது. இடம் எது என்பதில்தான் தகராறு. ஜோசிஃபஸ் இந்தியாவின் பொன்னாடு என்றார். ஆதியாகமம் 10இன் வம்சப் பட்டியலோ ஓபீரைச் சேபா, ஹவிலா ஆகியவற்றின் நடுவே, தென் அரேபிய இனக்குழுக்களோடு வைக்கிறது. கப்பல்கள் புறப்பட்ட எசியோன்கேபேர் செங்கடலின் வடமுனையில் இருந்தது. அத்துறைமுகம் என்று நெல்சன் குளூக் 1938–40இல் தோண்டிய தெல் எல்-கெலேஃபேயின் பானைகள் கி.மு. 8ஆம் நூற்றாண்டுக்கு முந்தியவை அல்ல என்று கேரி பிராட்டிகோவின் மறுஆய்வு காட்டியது. சாலமோன் காலத் துறைமுகத்துக்கான மண்சான்று அதனால் மெலிந்துபோயிற்று. எப்படியாயினும், தென் அரேபியாவும் அதன் எதிர்க்கரையான ஆப்பிரிக்கக் கொம்பும் ஓபீருக்கு இன்று அதிகமானோர் ஏற்கும் திசை.

அத்திசையில் ஒரு தாவரவியல் செய்தி கவனத்துக்குரியது. யேமன், அசீர் மலைகளிலும் எத்தியோப்பிய, சோமாலிய உயர்நிலங்களிலும் வளரும் ஆப்பிரிக்க ஜூனிப்பர், மத்தியதரைக் கிழக்கின் ஜூனிப்பருக்கு மிக நெருங்கிய உறவு. லெபனான் மரத்தின் பெயரை அறிந்த தீரு நகரத்து மாலுமிகள், செங்கடலின் தென்முனையில் அதைப் போன்றதொரு மரத்தைக் கண்டு அதே பெயரால் அழைத்திருக்கலாம். ‘அப்படிப்பட்ட அல்முக் பின்னர் வரவில்லை’ என்ற வாசகமும் இதற்கு இடம் தருகிறது: ஆசிரியர் அல்முக்கே வரவில்லை என்று சொல்லவில்லை; அப்படிப்பட்டது வரவில்லை என்கிறார். பெயர் பழகியது, சரக்கு புதிது. எலம்மக்கு ஜூனிப்பர்தானா என்ற மேற்சொன்ன முட்டுக்கட்டை இதற்கும் உண்டு. ஆகவே இதை ஓர் ஊகமாகவே முன்வைக்கிறேன். ஆனால் இரு நூல்களில் ஒன்றைப் பொய்யாக்காமல், மூலத்தில் இல்லாத நிறத்தையோ மணத்தையோ கடன் வாங்காமல் நிற்கும் ஊகம் இது.

மரப்பெயர் இப்படி ஊர்மாறிச் செல்வது நமக்குத் தெரிந்த கதைதான். இமயமலையின் தேவதாரு, லெபனான் கேதுருவின் உடன்பிறப்பு. இரண்டும் ஒரே பேரினம். தமிழகத்து வறண்ட குறுங்காடுகளில் தேவதாரம் என்றால் செம்புளிச்சான் என்றும் அழைக்கப்படும் சின்ன மரம். சந்தனத்துக்குப் போலியாகக் கட்டை விற்கப்படுவது. இரண்டுக்கும் மணமுள்ள கட்டை தவிர வேறு உறவில்லை. தமிழ் விவிலியமோ உண்மையான தேவதாரு உறவான கேதுருவை ஒலிபெயர்த்துவிட்டு, ‘தேவதாரி’யைப் பெரோஷ் மரத்துக்குக் கொடுத்தது. மூவாயிரம் ஆண்டு கழித்து ஒருவர் தமிழ் விவிலியத்தை மட்டும் வைத்துக்கொண்டு சாலமோன் ஆலயத்துக்குத் திருநெல்வேலித் தேரிக்காட்டிலிருந்து மரம் போயிற்று என்று எழுதினால் எப்படியிருக்குமோ, அப்படித்தான் பெயர் ஒற்றுமையை மட்டும் பிடித்துக்கொண்டு செய்யும் அடையாளங்கள்.

7. இந்திய வணிகம் பொய்யா?

அல்ல. சந்தனத்தை மறுப்பது கிழக்கத்திய வணிகத்தை மறுப்பது ஆகாது. லகாஷின் ஆட்சியாளர் குதேயா கி.மு. 2100ஐ ஒட்டி மெலுஹாவிலிருந்து மரம் வந்ததைக் குறித்துவைத்திருக்கிறார். மெலுஹா சிந்துவெளி என்பதே பெரும்பான்மைக் கருத்து. கி.மு. 1213இல் இறந்த இரண்டாம் ராம்செஸின் பதப்படுத்திய உடலில் மிளகு இருந்தது. இஸ்ரேலியக் கடற்கரையில் கிடைத்த தொடக்க இரும்புக்காலப் பினீசியக் குப்பிகளில் கருவாப்பட்டைக்குரிய வேதிப்பொருள் இருந்ததை 2013இல் வெளியான ஆய்வு சொல்கிறது. மெகிதோவில் கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டு மனிதர்களின் பற்காரையில் மஞ்சளின் தடம் கண்டதாகப் பிலிப் ஸ்டாக்ஹாமர் குழு 2020இல் அறிவித்தது. சந்தனமும் அக்காலத்தில் தென்னிந்தியாவில் இருந்தது: பெல்லாரிப் பக்கத்துச் சங்கனகல்லுவில் கி.மு. 1300ஐ ஒட்டிய சந்தனக் கரியை எலெனி அசௌதியும் டோரியன் ஃபுல்லரும் அடையாளம் கண்டார்கள். ஆக, போயிருக்க முடியாதது என்று யாரும் சொல்லவில்லை. போனதற்கு அல்முக் சான்றா என்பதுதான் கேள்வி. இச்சான்றுகளில் மஞ்சளும் மிளகும் கருவாப்பட்டையும் கைப்பிடியளவில் விலைபெறும் பொருள்கள் என்பதையும் மறக்கலாகாது. கட்டட மரம் வேறு கணக்கு.

அதே அளவுகோலை அகிலுக்கு வைத்துப் பார்த்தால் முடிவு மறுபக்கம் சாய்கிறது. எபிரேயத்தின் ‘அஹாலீம்’, ‘அஹாலோத்’ என்ற சொற்களைக் கால்டுவெல் தமிழ், மலையாள ‘அகில்’ வடிவத்தோடு இணைத்தார். நீதிமொழிகள் 7:17, சங்கீதம் 45, உன்னதப்பாட்டு 4:14 ஆகிய மூன்றிடங்களிலும் அது வெள்ளைப்போளம் முதலிய மணப்பொருள்களோடு, படுக்கைக்கும் ஆடைக்கும் மணமூட்டும் பொருளாக வருகிறது. பயன், சூழல், பெயர் மூன்றும் ஒன்றுக்கொன்று இசைகின்றன. இறக்குமதிப் பொருளாகச் சிறு அளவில் வந்திருக்கக்கூடியது. விந்தை என்னவென்றால், பழைய தமிழ் விவிலியம் இவ்விடங்களில்தான் ‘சந்தனம்’ என்கிறது. அகில் வந்திருக்க வேண்டிய இடத்தைச் சந்தனம் பிடித்துக்கொண்டது.

ஆனால் அகிலுக்கும் ஒரு முள் இருக்கிறது. எண்ணாகமம் 24:6இல் பிலேயாம் இஸ்ரவேலின் கூடாரங்களை ஆண்டவர் நட்ட அஹாலீமுக்கும் நீரோரக் கேதுருவுக்கும் ஒப்பிடுகிறான். அசாமிலும் தென்கிழக்காசியாவிலும் வளரும் அகில் மரத்தை யோர்தான் ஓரத்தில் நின்றவன் கண்முன் நிற்கும் மரமாகச் சொல்வானா? உரைப்பாடம் சிதைந்திருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள்; அந்த நிலத்துச் செடி வேறொன்று என்று சிலர் சொல்கிறார்கள். நம் பக்கத்திலும் அகில் ஒற்றை மரம் அல்ல. பட்டினப்பாலை ஆரத்தோடு சேர்த்து மேற்குமலையின் விளைபொருளாக அகிலைச் சொல்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இன்று வெள்ளை அகில் என்று அழைக்கப்படுவது வேம்புக் குடும்பத்து மரம். சங்க நூல்களின் அகில் அசாமின் அகில்தானா, மலையின் வெள்ளை அகிலா என்பதே தனியாக ஆராய வேண்டியது. எபிரேயச் சொல்லுக்கு ‘தமிழ் அகில்’ என்று விடை எழுதுபவர் எந்த அகில் என்றும் சொல்ல வேண்டும்.

8. எது தீர்மானிக்கும்

அல்முக் பற்றிய சர்ச்சை சொல்லாராய்ச்சியில் இனி அதிக தூரம் போகாது. மாரி, உகரித் ஏடுகளில் எலம்மக்குவின் பிசின், எண்ணெய், விலை, கட்டையின் அளவு பற்றிய குறிப்பு கூடினால் பட்டியல் சுருங்கும். அதைவிட நேரடியான வழி மரத்தின் உடற்கூறு. ஊசியிலை மரங்களின் கட்டையில் நீர் கடத்தும் அகன்ற நாளங்கள் இல்லை. சந்தனத்திலும் செம்மரத்திலும் உண்டு. எரிந்து கரியான துண்டிலும் இவ்வேறுபாடு அழிவதில்லை. இஸ்ரேலிய அகழாய்வுகளின் மரங்களை ஆராய்ந்த நீலி லிப்ஷிட்ஸ் இம்முறையால்தான் கேதுருவையும் சைப்ரஸையும் உள்ளூர் ஓக், பிஸ்தா இன மரங்களையும் பிரித்துச் சொன்னார். யூதேய, பினீசிய நகரங்களின் கி.மு. 10–8ஆம் நூற்றாண்டுப் படுகைகளில் கிடைக்கும் கரியில் செம்மரத்தின் நாளம் ஒன்று தென்பட்டால், இக்கட்டுரையின் வாதத்தில் பாதியை நானே திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். அதுவரை சாலமோனின் கப்பலிலிருந்து சந்தனத்தை இறக்கிவைப்பதே முறை. அகிலை, எந்த அகில் என்ற கேள்வியோடு, ஏற்றியே வைத்திருக்கலாம்.